ஜெயித்த பிறகு தோற்கலாமா?

புதுக்கோட்டை ஓட்டக்காரர்களின் அடுத்த சீசன்

தோஹாவின் கலீஃபா விளையாட்டரங்கம், 2006 டிசம்பர். ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் 800 மீட்டர் இறுதி ஓட்டம். பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமால் தங்கத்தை நோக்கி முன்னே போய்விட, வெள்ளிக்கு இரண்டு பேர் முட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்ட்சேவா. இன்னொருவர் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். சாந்தி கோட்டைத் தொட்ட நேரம் 2 நிமிடம் 3.16 வினாடி. விக்டோரியாவின் நேரம் 2 நிமிடம் 3.19 வினாடி. அவர்கள் ஓடிய வேகத்தில் 0.03 வினாடி என்பது தரையில் ஒரு சாண் தூரம்.

அந்த ஒரு சாணில் வந்த வெள்ளி சில நாட்களுக்குள் போய்விட்டது. பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. ஆண்கள் 10,000 மீட்டரில் புதுக்கோட்டைக்காரரான ஜி.லட்சுமணன் மூன்றாவதாக வந்தார். வெண்கலம் வந்துவிட்டது என்று எல்லோரும் கொண்டாடத் தொடங்கிய நேரத்தில், ஓட்டத்தின் நடுவே தடத்தின் உள்விளிம்பைத் தாண்டிக் கால் வைத்ததாகச் சொல்லித் தகுதிநீக்கம் செய்தார்கள். அதற்கு அடுத்த வருஷம், 2019 ஏப்ரல். பக்கத்து மாவட்டமான திருச்சியின் முடிகண்டத்திலிருந்து போன கோமதி மாரிமுத்து, ஆசிய தடகளச் சாம்பியன்ஷிப்பில் 800 மீட்டர் தங்கம் வென்றார். ஊர் அதே தோஹா, அரங்கம் அதே கலீஃபா. ஊக்கமருந்துச் சோதனையில் நான்ட்ரோலோன் இருப்பது தெரியவந்து அந்தத் தங்கமும் கைவிட்டுப் போனது.

மூன்று பேரும் ஓடித் தோற்கவில்லை. ஓடி முடித்த பிறகு இழந்தார்கள். மூன்று இழப்புக்கும் காரணம் வேறு வேறு. மூன்றையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமும் இல்லை. ஆனால் புதுக்கோட்டையில் ஓட்டம் என்று பேச்செடுத்தால் இந்த மூன்றையும் தாண்டி அடுத்த சீசனைப் பற்றிப் பேச முடியாது. இந்த வட்டாரத்தில் வேகமான கால்களுக்கு என்றைக்கும் குறைவிருந்ததில்லை. அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் விதி தெரிந்த ஒருவர், மருத்துவம் தெரிந்த ஒருவர், சட்டம் தெரிந்த ஒருவர் நின்றிருக்கிறார்களா என்பதே கேள்வி. பெரும்பாலும் நிற்கவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தாத்தா வாங்கித் தந்த காலணி

சாந்தியின் பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். சூளை வேலைக்குப் போகும் குடும்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தால் என்னென்ன தலையில் விழும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் எடுக்க வேண்டும், அடுப்பைப் பார்க்க வேண்டும். சாந்திக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாத்தா. அவரே நல்ல ஓட்டக்காரர். பேத்திக்குப் பதின்மூன்று வயதானபோது வீட்டுக்கு வெளியே இருந்த மண் வெளியில் ஓடவைத்தார், ஒரு ஜோடி காலணியும் வாங்கிக் கொடுத்தார். எட்டாம் வகுப்பில் ஓடிய முதல் போட்டியில் சாந்திக்குக் கிடைத்தது ஒரு தகரக் கோப்பை.

பிறகு நடந்தது புதுக்கோட்டையின் எந்த ஓட்டக்காரரும் தன் கதையாகச் சொல்லக்கூடியது. ஒரு பள்ளியின் விளையாட்டுப் பயிற்சியாளர் கண்ணில் படுகிறார். பள்ளி கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறது, சீருடை தருகிறது, மதியம் சூடாகச் சாப்பாடு போடுகிறது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் விளையாட்டுக்கான உதவித்தொகையில் புதுக்கோட்டையில் ஒரு கலைக் கல்லூரி. அடுத்த வருஷமே சென்னைக் கல்லூரி ஒன்று அழைத்துக்கொள்கிறது. 2005ல் தென்கொரியாவின் இன்சியானில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் 800 மீட்டரில் வெள்ளி. மறு வருஷம் தோஹா.

தோஹாவுக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு நடந்ததை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. சோதனை நடந்ததும் முடிவும் உலகத்துக்குத் தொலைக்காட்சியில் போனது. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்கள் வரிசையில் நின்றவரை ஊர் முழுக்க வேறு மாதிரிப் பார்க்கவைத்தார்கள். அவருடைய உடற்கூறு அவருக்கும் அவருடைய மருத்துவருக்கும் உரிய விஷயம். அதை ஊர்ச் செய்தியாக்கியது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. அன்றைய முதல்வர் கருணாநிதி, பதக்கம் போன பிறகும் அறிவித்த 15 லட்சம் ரூபாயைக் கொடுத்தார். அதை இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும். ஒருவர் நிமிர்ந்து நிற்க அது உதவியது. சாந்தி புதுக்கோட்டைக்குத் திரும்பிவந்து பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்.

ஆனால் அது நிலைக்கவில்லை. 2012ல் அவர் தினக் கூலிக்குச் செங்கல் சூளையில் வேலை செய்கிறார் என்ற செய்தி வந்து நாடு வெட்கப்பட்டது. அதன் பிறகுதான் பெங்களூரில் பயிற்சியாளர் டிப்ளமோ படிக்க வழி பிறந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைத்தது 2016ல். பத்து வருஷம்! ஓட்டக்காரரின் வாழ்க்கையில் பத்து வருஷம் என்பது ஏறக்குறைய முழு ஆயுள்.

இதே விவகாரத்தில் ஒடிசாவின் டூட்டி சந்த் 2014ல் சிக்கினார். அவர் தனியாக நிற்கவில்லை. ஆய்வாளர்கள் துணை நின்றார்கள், வெளிநாட்டு வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வாதாடினார்கள், இந்திய விளையாட்டு அமைச்சகமும் பக்கம் நின்றது. 2015 ஜூலையில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. டூட்டி 2016ல் ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். இரண்டு பேருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் எட்டு வருஷமும், கூட நின்ற ஆட்களும்.

சட்டத்தின் உள்பக்கம் ஒரு காலடி

புதுக்கோட்டை நகரத்தை ஒட்டி இருக்கிறது கவிநாடு கண்மாய். மழை நல்லபடியாகப் பெய்த வருஷத்தில் கடல் மாதிரி விரியும். கோடையில் செம்மண் தெரியும். கண்மாய்க் கரை, தைலமரக் காட்டுப் பாதை, ஊரைச் சுற்றும் தார்ச் சாலை இவைதான் இந்த மாவட்டத்தின் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பழகிய இடங்கள். கவிநாட்டுப் பக்கம் பயிற்சியாளர் லோகநாதன் பிள்ளைகளைத் திரட்டி ஓடவைத்தார். பயிற்சி என்றால் விடியும் முன்பே தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிப்பது. இந்த ஊர் வெயிலில் எட்டு மணிக்கு மேல் நீண்ட ஓட்டம் ஓடினால் உடம்பு இரண்டு நாளைக்குப் பேசாது.

அங்கிருந்து வந்தவர்கள் லட்சுமணனும் சூர்யாவும். எல்.சூர்யா 2016ல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 2018ல் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் 10,000 மீட்டர் ஓடினார். லட்சுமணன் ராணுவத்தில் சேர்ந்து வளர்ந்தார். 2017 ஜூலையில் புவனேஸ்வரில் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்தபோது 5,000 மீட்டரிலும் தங்கம், 10,000 மீட்டரிலும் தங்கம். நெடுந்தூர ஓட்டத்தில் ஒரே சாம்பியன்ஷிப்பில் இரட்டைத் தங்கம் என்பது சாதாரணக் காரியம் இல்லை. முதல் ஓட்டத்தின் களைப்பு கால்களை விட்டு இறங்கும் முன் அடுத்த 25 சுற்றுக்குத் தயாராக வேண்டும். அந்த வாரம் புதுக்கோட்டையில் பிறந்த ஒருவர் ஆசியாவின் நெடுந்தூர ஓட்டத்துக்கே ராஜாவாக இருந்தார். மாவட்டத்துப் பாடப்புத்தகத்தில் ஏற வேண்டிய செய்தி அது.

மறு வருஷம் ஜகார்த்தாவில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஓடுதடத்தின் உள்விளிம்பில் சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு சட்டம் பதித்திருப்பார்கள். ஒரு சுற்றுக்கு 400 மீட்டர் என்ற அளவே அந்தச் சட்டத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளித்தான் எடுக்கப்படுகிறது. சட்டத்தின் மேலேயோ உள்ளேயோ காலை வைத்தால் அவ்வளவு தூரம் குறைத்து ஓடியதாகக் கணக்கு. 10,000 மீட்டரில் 25 சுற்று. கூட்டமாக ஓடுவார்கள். முன்னால் போகிறவரின் முழங்கை, பின்னால் வருகிறவரின் மூச்சு, உள்பக்கம் இந்தச் சட்டம். ஆயிரக்கணக்கான காலடிகளில் ஒன்றிரண்டு உள்ளே விழுந்தாலும் நடுவர் குறித்துக்கொள்வார். வேறொருவர் தள்ளிவிட்டுக் கால் உள்ளே போயிருந்தால் விதிவிலக்கு உண்டு. தானாக வைத்தால் அன்றைய விதிப்படி கிடையாது. இந்தியத் தரப்பு மேல்முறையீடு செய்தது, எடுபடவில்லை.

லட்சுமணன் ராணுவத்தின் நல்ல தடங்களில் ஓடியவர், லண்டன் உலகச் சாம்பியன்ஷிப் வரை போய்வந்தவர். அவருக்கே இது நடந்ததென்றால், சுண்ணாம்புத் தூள் போட்ட கோட்டை மட்டுமே பார்த்து வளர்கிற பிள்ளைக்கு நடக்காதா? நம் பள்ளி, கல்லூரி மைதானங்களில் வளைவில் நான்கைந்து பேர் கோட்டை மிதித்துக்கொண்டே ஓடுவார்கள். 'பரவாயில்லை, பையன் நல்லா ஓடுறான்' என்று விட்டுவிடுவோம். அந்தப் பரவாயில்லைதான் பெரிய மேடையில் பதக்கத்தை எடுத்துவிடுகிறது. பழைய பி.வி.சி. குழாய்களை வாங்கி வளைவு நெடுகப் பதித்துவிட்டால் போதும், கால் தானாகப் பழகிவிடும். பெரிய செலவு இல்லை. பெரிய திட்டங்களுக்காகக் காத்திருக்காமல் இந்தச் சீசனிலேயே எந்தப் பி.டி. ஆசிரியரும் செய்யக்கூடியது.

அந்த ஊசியில் என்ன இருந்தது?

கோமதியின் கதை எங்கள் மாவட்டக் கதை இல்லை என்று ஒதுக்க முடியாது. திருச்சியும் புதுக்கோட்டையும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகள் உள்ள மாவட்டங்கள். பிள்ளைகள் ஒரே மைதானங்களில் ஓடுகிறார்கள். கோமதி 2 நிமிடம் 2.70 வினாடியில் தங்கம் வென்றபோது நாம் எல்லோரும் கொண்டாடினோம். நான்கு வருஷத் தடை வந்தபோது எல்லோரும் ஒரே நாளில் அவரை மறந்தோம். தான் தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று அவர் சொன்னார். 2021ல் மேல்முறையீட்டிலும் தடை உறுதியானது.

ஊக்கமருந்து விதியில் ஓர் இரக்கமற்ற வரி உண்டு. உடம்பில் எது இருந்தாலும் அதற்கு ஓடுகிறவரே பொறுப்பு. மருந்துக்கடைக்காரர் கொடுத்தார், கூடப் பயிற்சி எடுத்தவர் கொடுத்தார், டப்பாவில் எழுதவில்லை என்ற எந்தப் பதிலும் பதக்கத்தைத் திருப்பித் தராது. தடைசெய்யப்பட்ட மருந்துகளின் பட்டியல் ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 1 அன்று மாறுகிறது. 2023ல் 5,000 மாதிரிகளுக்கு மேல் சோதித்த நாடுகளில் ஊக்கமருந்து சிக்கிய விகிதம் இந்தியாவில்தான் அதிகம், 3.8 சதவீதம். இதில் தெரிந்தே தப்பு செய்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகப் பேச எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கால் வலிக்கு ஊசி, சளிக்கு சிரப், எடை கூட ஒரு பவுடர் என்று கைக்கு வந்ததை வாங்கும் கிராமத்துப் பிள்ளைகளும் அதே வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய இன்னொன்று சத்து. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவது நேராக வேகத்தில் தெரியும். தசைக்குப் பிராணவாயுவைத் தூக்கிக்கொண்டு போவது அதுதான். பயிற்சியை எவ்வளவு கூட்டினாலும் நேரம் இறங்காது. 'பொண்ணு சோம்பேறி ஆயிட்டா' என்று திட்டுவார்கள். அந்த இடத்தில்தான் யாரோ ஒருவர் ஊசியைப் பரிந்துரைக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை, மருத்துவர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரை, தினம் முட்டை, முருங்கைக்கீரை, ஆலங்குடிப் பக்கத்து வேர்க்கடலை. தப்பான கதவு திறக்கும் முன்பே இத்தனை சரியான கதவுகள் இருக்கின்றன.

திரைக்குப் பின்னால் உட்கார்ந்த பெண்ணின் ஊர்

பெண்கள் வெளியே வருவதற்குப் புதுக்கோட்டை காட்டிய வழி இரண்டு முறை நாட்டுக்கே செய்தியானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துலட்சுமி என்ற பெண் ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். திரை மறைவில் உட்கார்ந்து பாடம் கேட்ட அந்தப் பெண்தான் பின்னால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கட்டியவர். அடுத்தது, 1990களின் தொடக்கத்தில் வந்த அறிவொளி இயக்கம். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் இந்த மாவட்டத்துக் கிராமப் பெண்கள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் பெடல் மிதித்தார்கள். கேலி பேசியவர்கள் ஓய்ந்துபோனார்கள்.

ஆக, ஒரு பெண் ஓடுவதைப் பார்த்து முகம் சுளிக்கும் ஊர் இல்லை இது. இங்கே தடுமாற்றம் வருவது கல்லூரிக் கட்டத்தில். பள்ளியில் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள் இருக்கின்றன. சர்டிபிகேட்டுக்கு மதிப்பெண் உண்டு, ஊர்ப் பெருமை உண்டு. பதினெட்டு வயதில் கல்லூரிக்கு வந்ததும் கதை மாறுகிறது. நன்றாக ஓடுகிறவர்களைச் சென்னைக் கல்லூரிகள் இலவச விடுதி, சாப்பாடு என்று அழைத்துக்கொள்கின்றன. சாந்தி போனதும் அப்படித்தான். பையன்கள் ராணுவத் தேர்வுக்குப் போகிறார்கள். மீதி இருப்பவர்கள் வருகைப் பதிவுக்கும் பஸ் நேரத்துக்கும் நடுவே ஓடி, இரண்டாம் வருஷத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பெண்கள் என்றால் கல்யாணப் பேச்சு அதற்கும் முன்னாலேயே வந்துவிடும்.

கல்லூரி விளையாட்டு என்றால் எப்படி இருக்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் பேஸ்பால் நல்ல உதாரணம். அங்கே கல்லூரி பேஸ்பாலின் இறுதிக் கட்டப் போட்டி 1950 முதல் ஒமாஹா என்ற ஒரே நகரத்தில் நடக்கிறது; ஊரே திருவிழாவாக எடுத்துச் செய்கிறது. பெரிய கல்லூரி அணிகளில் பயிற்சியாளரோடு காயத்தைக் கவனிக்க ஒருவர், பாடத்தில் பின்தங்காமல் பார்க்க ஒருவர், விதிகளைச் சொல்லித்தரவே ஓர் அலுவலகம் என்று வைத்திருப்பார்கள். 2008ல் நம் உத்தரப்பிரதேசத்து ஈட்டி எறியும் வீரர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்து அமெரிக்கா போனார்கள். பேஸ்பால் பந்தையே அந்தப் போட்டிக்கு முன் தொட்டதில்லை. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் சில மாதங்கள் பழகி, அந்த வருஷமே பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அமைப்பில் ஒப்பந்தம் பெற்றார்கள். அவர்களுக்குக் கிடைத்த அந்தக் கல்லூரி மைதானமும் கூட நின்ற ஆட்களும் புதுக்கோட்டையின் ஓர் ஓட்டக்காரிக்கு அவள் ஊரிலேயே கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இதே புதுக்கோட்டையின் அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், 2023ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் துப்பாக்கிச் சுடும் குழுப் பிரிவில் தங்கம் வென்ற மூவரில் ஒருவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். அவர் உழைத்துப் பெற்ற இடம் அது. துப்பாக்கி, தோட்டா, வெளிநாட்டுப் பயிற்சி என்று பெரும் செலவு பிடிக்கும் அந்த விளையாட்டில் குடும்பத்தின் துணை எவ்வளவு முக்கியம் என்பது எல்லோருக்கும் தெரியும். சூளை வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் குடும்பத்தின் இடத்தில் கல்லூரியும் அரசும் ஊரும் நிற்க வேண்டும். ஓட்டத்துக்கு ஆகும் செலவு துப்பாக்கிச் சுடுதலோடு ஒப்பிட்டால் சொற்பம்.

வரும் சீசன்

2026 செப்டம்பர் 19 அன்று ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டு தொடங்குகிறது. சாந்தியும் லட்சுமணனும் பதக்கம் இழந்த அதே போட்டி. 2030ல் காமன்வெல்த் விளையாட்டு அகமதாபாத்துக்கு வருகிறது. இன்று எட்டாம் வகுப்பில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண் அப்போது கல்லூரி வாசலில் நிற்பாள். அவளுக்கான தயாரிப்பு இந்த வருஷக் குறுவட்டப் போட்டியில் தொடங்குகிறது. முதலமைச்சர் கோப்பையில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் தனித்தனிப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை 2023 முதல் இயங்குகிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. முன்பைவிட வாசல்கள் அதிகம். அவை இருப்பது தெரியாமலே நின்றுவிடும் பிள்ளைகளும் அதிகம்.

இந்தச் சீசனுக்கு ஒரு புது விதியும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட விரும்பும் எவரும் வாழ்நாளில் ஒரு முறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று உலகத் தடகள அமைப்பு விதித்திருக்கிறது. கன்னத்தின் உட்பக்கத்தில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பார்கள், அல்லது கொஞ்சம் ரத்தம். இந்த விதி சரியா, தப்பா என்று உலகம் முழுக்க வாதம் நடக்கிறது. என் கவலை அதற்கு முந்தியது. புதுக்கோட்டை மாவட்டத்து ஒரு பெண்ணுக்கு எதிர்பாராத முடிவு வந்தால் அதை முதலில் யார் அவளிடம் சொல்வது? எந்த அறையில்? பக்கத்தில் அம்மா இருப்பாரா? தமிழில் விளக்கிச் சொல்லும் மருத்துவர் இருப்பாரா? அந்தத் தாள் வேறு யார் கைக்கும் போகாமல் யார் பார்த்துக்கொள்வது? 2006ல் இந்தக் கேள்விகளை யாரும் கேட்கவில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் தடகளச் சங்கமும் முதல் சோதனைக்கு முன்பே இதற்கு எழுத்துபூர்வமான நடைமுறை வகுத்து, பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அதை வகுக்கும் அறையில் சாந்தி சௌந்தரராஜன் இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் அவரைவிடத் தெரிந்தவர் தமிழ்நாட்டில் யாரும் இல்லை.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உடற்கல்வி இயக்குநர் ஒருவரே கபடியிலிருந்து சதுரங்கம் வரை எல்லாவற்றையும் பார்க்கிறார். அவர் மேல் இன்னொரு சுமையை ஏற்ற வேண்டாம். ஒரு பேராசிரியருக்கு விதிகளுக்கான பொறுப்பைக் கொடுங்கள். சட்டம் படித்த பழைய மாணவர் ஒருவரையும், அரசு மருத்துவர் ஒருவரையும் கேட்டு அணியோடு இணையுங்கள். ஆளுக்கு மாதம் இரண்டு மணி நேரம் போதும். ஜனவரியில் புதுப் பட்டியல் வந்ததும் தமிழில் ஒரு பக்கம் அடித்து விடுதிச் சுவரில் ஒட்டுங்கள். வருகைப் பதிவுக்குப் பயந்து ஒரு பெண் ஓட்டத்தை நிறுத்தினால் அவளைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஓடுகிறாள் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஊசியையும் பவுடரையும் வாங்காதீர்கள். அரசு மருத்துவமனையில் ரத்தத்தைப் பாருங்கள். மருத்துவரிடம் முதல் வார்த்தையாக 'இவ போட்டியில ஓடுறா' என்று சொல்லுங்கள், சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

வாசகர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் குறுவட்டப் போட்டி நடக்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள். நன்றாக ஓடும் பிள்ளையின் பி.டி. ஆசிரியரிடம் என்ன தேவை என்று கேளுங்கள். காலணி என்பார், அல்லது தினம் இரண்டு முட்டை, அல்லது திருச்சி அண்ணா விளையாட்டரங்கம் வரை போய்வர பஸ் காசு என்பார். ஒரு வருஷத்துக்கு அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.